கைச்சங்கிலியும் ஒரு கடனும்

ஆண்மக்கள் பொன் அணிவது நம் மார்க்கத்தில் ஆகாது. ஆகவே, கைச்சங்கிலியை அணிந்து பழகிய அனுபவம் நமக்கு இல்லை. ஆனால் ஒரு கைச்சங்கிலியை இழக்கச் செய்த அனுபவம் உண்டு. அந்த ஒரு தகுதியைக் கொண்டே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

நாம் கைச்சங்கிலி என்பதை இன்றைய இளம்பெண்கள் ‘பிரேஸ்லெட்’ என்கிறார்கள். வளையல் விறைப்பானது, கையைக் குவித்து நுழைக்க வேண்டியது. கைச்சங்கிலியோ கண்ணி கண்ணியாகக் கோக்கப்பட்டு, மணிக்கட்டோடு வளைந்து கிடந்து, ஒரு கொக்கியால் பூட்டப்படுவது. அன்றாடம் அணியவும் ஆகும். பெருநாளுக்கும் திருமணத்திற்கும் ஆகும். ஆனால் நம் குடும்பங்களில் அது பெரும்பாலும் பீரோவில் உறங்கும் பொருளாகவே இருந்து வந்திருக்கிறது.

சென்ற ஆண்டு நம் இளைய மகளுக்கு நிக்காஹ் நிச்சயமாயிற்று. நம் வீடு இராசபாளையத்தில். அவள் ஆசிரியப் பணி செய்வது ஸ்ரீவில்லிபுத்தூரில். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். மேற்கே மலைத்தொடர் கூடவே வர, நாள்தோறும் பேருந்தில் போய்வருவாள். சம்பந்தி வீட்டார் நல்லவர்கள். கைக்கூலி என்ற பேச்சையே எடுக்கவில்லை. மஹராக மூன்று பவுன் தருவதாகவும், அது எந்த வடிவில் வேண்டும் என்பதைப் பெண்ணே சொல்லட்டும் என்றும் கூறினார்கள்.

மகள் தயங்காமல் சொன்னாள்: “அத்தா, எனக்குக் கைச்சங்கிலி வேணும். ஆனா பீரோவுல வைக்கிறதுக்கு இல்ல. தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுட்டுப் போறதுக்கு.”

அருகில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நம் துணைவியார் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். அந்தப் பார்வையின் பொருள் மகளுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.

1984ஆம் ஆண்டு நம் நிக்காஹின்போது நாம் அளித்த மஹரும் ஒரு கைச்சங்கிலியே. இரண்டு பவுன், அதாவது பதினாறு கிராம். சிவப்புக் கற்கள் பதித்து, கீழே மணிகள் தொங்க, பார்ப்பவர் கண்ணை இழுக்கும் வேலைப்பாடு. அதுவே அதன் குறையும் ஆயிற்று. சோறு வடிக்கும்போது அணிய முடியாது. துணி துவைக்கும்போது ஆகாது. குழந்தையைத் தூக்கினால் அதன் கன்னத்தில் கீறும். ஆகவே அது பெட்டிக்குள் போயிற்று. ஏழு ஆண்டுகளில் ஏழெட்டு முறைதான் அவர் கையில் அதைக் கண்டிருப்போம்.

அக்காலத்தில் சத்திரப்பட்டித் தறிகளிலிருந்து பேண்டேஜ் துணி வாங்கி வெளியூர்களுக்கு அனுப்பும் சிறு வியாபாரம் செய்துவந்தோம். 1991இல் அது நொடித்தது. ஒரு நாள் அவசரத்தில் பீரோவைத் திறந்து கைச்சங்கிலியை எடுத்துப்போய் அடகு வைத்தோம். வைத்த பின்னரே துணைவியாரிடம் சொன்னோம். “உங்க இஷ்டம்” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. வட்டி கட்டத் தவறினோம். அறிவிப்புக் கடிதம் வந்தது, அதையும் மறைத்தோம். இறுதியில் நகை ஏலத்தில் போயிற்று. குற்றம் அடகு பிடித்தவருடையது அன்று. முழுக்க முழுக்க நம்முடையதே.

“குடும்பத்திற்காகத்தானே செய்தோம்” என்று நெடுங்காலம் நமக்கு நாமே ஆறுதல் சொல்லிக்கொண்டோம். ஆனால் மஹர் என்பது மனைவிக்கே உரிய உடைமை. அதை மகிழ்வோடு கொடுத்துவிட வேண்டும் என்றும், அவளாக மனமுவந்து விட்டுக்கொடுத்தால் மட்டுமே கணவன் அதை அனுபவிக்கலாம் என்றும் திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் நான்காம் வசனம் வரையறுக்கிறது. “உங்க இஷ்டம்” என்ற சொல் மனமுவந்த சொல்லா? எடுத்தபின் சொன்னதற்குக் கிடைத்த விடை சம்மதமாகுமா? இக்கேள்விகளை நாம் யாரிடமும் கேட்டதில்லை. விடை தெரிந்திருந்ததே காரணம்.

இத்தனை நினைவுகளோடுதான் மகளுக்கு நகை பார்க்கப் புறப்பட்டோம். முதலில் இராசபாளையத்தில் தென்காசி சாலையிலுள்ள ஒரு கடை. விற்பனை செய்த இளைஞர் அகலமான ஒன்றை எடுத்துக் காட்டினார். மூன்று பவுன் எடையில் ஐந்து பவுன் தோற்றம். துணைவியார் அதைக் கையில் வாங்கி விரல் நுனியால் மெல்ல அழுத்திப் பார்த்தார். “உள்ளே கூடா இருக்கே தம்பி” என்றார். உண்மைதான். உள்ளே வெற்றிடமாகச் செய்த கண்ணி எடைக்கு மிஞ்சிய தோற்றம் தரும். ஆனால் மேசை விளிம்பில் இடித்தால் நசுங்கும். நசுங்கியதை நிமிர்த்துவது கடினம். தேய்ந்து ஓட்டை விழுந்தால் பற்றவைப்பதும் எளிதன்று. என்றோ ஒருநாள் அணிவதற்கு அது பழுதில்லை. அன்றாடம் அணிவதற்குக் கெட்டிக் கண்ணியே தகும்.

இரண்டாவதாகக் காட்டியது தட்டையாகப் பாம்பின் வயிறுபோல் மின்னும் ஒன்று. அழகுதான். ஆனால் அவ்வகை ஒருமுறை மடங்கினால் மடிப்பு நிற்கும். மகள் கரும்பலகையில் எழுதுகிறவள். பேருந்தின் கம்பியைப் பிடித்து நிற்கிறவள். வேண்டாம் என்றாள்.

அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சென்றோம். ஆண்டாள் கோயில் கோபுரம் தெரியும் தெரு ஒன்றில், மகளோடு பணிபுரியும் ஆசிரியை சொல்லியனுப்பிய ஒரு பொற்கொல்லரின் பட்டறை இருந்தது. முதியவர், நாம் அவரை ‘ஆசாரி ஐயா’ என்றழைத்தோம். அவர் நம்மைப் ‘பாய்’ என்றும், மகளைத் ‘தாயி’ என்றும் அழைத்தார். நகையைக் காட்டுவதற்கு முன் மகளிடம் கேள்விகளையே கேட்டார். எந்தக் கையில் எழுதுவாய்? கடிகாரம் கட்டுவது எந்தக் கையில்? இரவில் கழற்றி வைப்பாயா?

பிறகு சொல்லிக்கொடுத்தார். சங்கிலி தேய்வது வெளிப்புறத்தில் அன்று. கண்ணியும் கண்ணியும் உரசும் உட்புறத்தில்தான். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை கண்ணிகளை விரித்துப் பார்க்க வேண்டும். அளவு, மணிக்கட்டின் சுற்றளவைவிட அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் கூடியிருக்க வேண்டும். ஒரு விரல் நுழைந்து திரும்பினால் போதும். மிகவும் தளர்ந்தால் எதிலாவது மாட்டி இழுக்கும். இறுகினால் வியர்வை தங்கும். “நீங்க தொழுகைக்குக் கை கழுவுறப்போ தண்ணி உள்ளே போகணுமில்ல பாய்” என்று அவரே சொன்னார். ஒளூவின்போது நீர் தோலைத் தொட வேண்டும் என்பதையும், இறுகிய நகையை அசைத்துவிட வேண்டும் என்பதையும் அறிந்து வைத்திருந்த அந்த அயல்மதத்துப் பெரியவரைக் கண்டு வியந்தோம்.

எல்லாவற்றினும் கொக்கியே முதன்மை என்றார். சங்கிலி அறுந்து தொலைவதைவிடக் கொக்கி நழுவித் தொலைவதே மிகுதி. ‘எஸ்’ வடிவக் கொக்கி எளியது. ஆனால் நாளடைவில் வாய் விரியும். வில் வைத்த கொக்கி உறுதியானது. வில் தளர்ந்தால் கொக்கியையே மாற்றிவிட வேண்டும். அதோடு ஒரு சிறு காப்புச் சங்கிலியும் சேர்த்துக்கொண்டால், கொக்கி நழுவினாலும் நகை கையை விட்டுப் போகாது.

பேச்சு பழங்காலத்திற்குத் திரும்பியது. 1963ஆம் ஆண்டு தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்து, பதினான்கு காரட்டுக்கு மேல் புதுநகை செய்யலாகாது என்ற நிலை ஏற்பட்டபோது, அவருடைய தந்தையாரின் பட்டறையில் அடுப்பு அணைந்து கிடந்ததாம். 1966இல் அந்தக் காரட் கட்டுப்பாடு நீங்கிற்று. 1968ஆம் ஆண்டின் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990இல் முற்றிலும் விலக்கப்பட்டது. “அன்னைக்கு வேண்டாம்னு அழுதாங்க, இன்னைக்கு அன்றாடத்துக்குப் பதினாலு காரட், பதினெட்டு காரட்தான் வேணும்னு கேட்டு வர்றாங்க” என்று சிரித்தார். காரணம் உண்டு. பொன் மென்மையானது, செம்பும் வெள்ளியும் கூடக்கூட உறுதி பெறும். இருபத்திரண்டு காரட்டில் ஆயிரத்துக்கு 916 பங்கு பொன், பதினெட்டில் 750, பதினான்கில் 585. மஹர் என்பதால் மதிப்புக் குன்றாமல் இருபத்திரண்டிலேயே, கெட்டியாக, கற்களின்றிச் செய்வதென்று முடிவாயிற்று.

முன்பு ‘கேடிஎம்’ என்று பெருமையாகச் சொல்வார்கள் அன்றோ? அது பற்றவைப்பில் காட்மியம் சேர்ப்பதைக் குறித்தது. அந்தப் புகை பொற்கொல்லரின் நுரையீரலைக் கெடுத்தது என்பதை நகை அணிந்த நம்மில் எத்தனை பேர் அறிந்திருந்தோம்? இன்று பார்க்க வேண்டியது ஹால்மார்க் முத்திரையே. 2023 ஏப்ரல் 1 முதல், எழுத்தும் எண்ணுமாக ஆறு குறிகள் கொண்ட தனி அடையாளம் இருந்தால்தான் ஹால்மார்க் நகையை விற்கலாம். கைச்சங்கிலியில் அது கொக்கியருகே உள்ள சிறு தகட்டில் இருக்கும். வாங்குவோர் அதைக் கேட்டுப் பார்ப்பதும், பொன்னின் எடை, செய்கூலி, சேதாரம் ஆகியவற்றைத் தனித்தனியே எழுதிய ரசீது பெறுவதும் கடமையெனக் கொள்க.

அன்றாடத்திற்கு ஒன்று, விசேடத்திற்கு ஒன்று என இரண்டு நகைகள் வேண்டுமா என்ற கேள்வி எழுந்தபோது, ஆசாரி ஐயாவே வழி சொன்னார். ஒன்றரைப் பவுனில் ஒரே மாதிரியான இரண்டு கைச்சங்கிலிகள். பள்ளிக்கு ஒன்று. பெருநாளன்றும் திருமணங்களிலும் இரண்டையும் சிறு வளையங்களால் இணைத்து இரட்டை வடமாக அணியலாம். ஒன்று பழுதுபட்டால் மற்றொன்று கையில் இருக்கும். மகள் முகம் மலர்ந்தது.

திரும்பும் வழியில் துணைவியார் மகளிடம் கூறினார்: “இது உன் பொருள் கண்ணு. ஜகாத் கணக்கும் நீயேதான் வச்சுக்கணும்.” ஹனஃபி வழியில் அணியும் பொன்னுக்கும் ஜகாத் உண்டு, ஷாஃபி வழியில் அனுமதிக்கப்பட்ட அளவில் அணியும் நகைக்கு இல்லை. இருபது மிஸ்கால், அதாவது ஏறத்தாழ பதினொரு பவுன், பொன்னுக்குரிய நிஸாப். மூன்று பவுன் மட்டும் அதை எட்டாது. வேறு செல்வமும் சேர்ந்தால் கணக்கு மாறும். இதில் நாம் கண்ட உண்மை ஒன்றே: கடமை உடைமையைப் பின்தொடர்கிறது. ஜகாத்திற்குப் பெண்ணைப் பொறுப்பாளியாக்கும் மார்க்கம், பொன்னுக்கும் அவளையே உரிமையாளராக்கியிருக்கிறது. நடுவில் பீரோச் சாவியை வைத்துக்கொண்டு நிற்பவர்கள் நாம்தாம்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. 1991இல் அந்தக் கைச்சங்கிலி பெட்டியில் இல்லாமல் துணைவியாரின் கையில் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம்? “கழற்றிக் கொடு” என்று முகம் பார்த்துக் கேட்டிருக்க வேண்டும். அவர் கொக்கியை நீக்குவதைக் கண்ணால் கண்டிருக்க வேண்டும். ஒருவேளை கேட்டே இருக்க மாட்டோம். பெட்டியிலிருந்ததால் கேளாமல் எடுப்பது எளிதாயிற்று. அன்றாடம் அணியும் நகையே பெண்ணுக்குரிய நகை என்று மகள் அறியாமலே நமக்கு உணர்த்திவிட்டாள்.

1984இல் பவுன் இரண்டாயிரம் ரூபாய்க்கும் கீழே. ஏலத்தில் போன தொகையைத் திருப்பிக் கொடுத்தால் இன்று ஒரு கிராமுக்கும் போதாது. இந்தக் கடனை ரூபாயில் அன்று, எடையில் தீர்ப்பதே நேர்மை என்று துணிந்தோம். ஓய்வுக்காலத்திற்கென வைத்திருந்த சேமிப்பிலிருந்து, அதே பட்டறையில், பதினாறு கிராமில் கல்லும் மணியும் இல்லாத கைச்சங்கிலி ஒன்று செய்யச் சொன்னோம். நிக்காஹ் முடிந்த மறுவாரம் அதைத் துணைவியாரின் முன் வைத்து, “இது அன்பளிப்பு இல்லை, உனக்குத் தர வேண்டியது” என்றோம்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “இந்த வயசுல எனக்கு எதுக்குங்க?” என்றார். சற்று நேரம் கழித்து, “அன்னைக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே கொடுத்திருப்பேன்” என்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் சொல்லாமல் வைத்திருந்த சொல் அது.

அன்பர்களே, தங்கள் இல்லத்துப் பெண்மக்களுக்கு நகை தேர்ந்தெடுக்கும்போது, அது கையில் இருக்குமா, பெட்டியில் இருக்குமா என்பதை முதலில் கேளுங்கள். முன்னரே எடுத்துச் செலவிட்டது ஏதேனும் இருப்பின், எடையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தீர்க்கும் வாய்ப்பை அல்லாஹ் தருவான்.

கைச்சங்கிலிக்கு ஒரு குணம் உண்டு. தன் கையில் தானே கொக்கி மாட்டுவது எளிதன்று. விரல் மூட்டுகள் இறுகிய வயதில் இன்னும் அரிது. இப்போது ஃபஜ்ருக்குப் பின் துணைவியார் தம் கையை நீட்டுகிறார். நாம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கொக்கியைப் பூட்டி, காப்புச் சங்கிலியையும் சரிபார்த்துக் கொடுக்கிறோம். பீரோவின் சாவி அவரிடமே இருக்கிறது.