36 அதிகம்னா, 44 என்ன கணக்கு?

2012-ல் சென்னைக்கு வந்த ரவீந்திர ஜடேஜாவை, சாம் கரனோடு சேர்த்து ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு, சஞ்சு சாம்சனை வாங்கியது சி.எஸ்.கே. 2025 நவம்பரில் நடந்த இந்த டிரேடு, கருமத்தம்பட்டியில் ஒரு வீட்டுச் சாப்பாட்டு நேரத்தையே கெடுத்துவிட்டது.

“தோனிக்கு அப்புறம் ஒரு கீப்பர் வேணுமில்லீங்கப்பா? ஜடேஜாவுக்கு 37 ஆகப்போவுது” என்றான் கல்லூரியில் படிக்கும் மகன்.

“44 வயசு தோனியை வெச்சுக்கறாங்க, 36 வயசு ஆளை அனுப்பறாங்க. இது என்ன கணக்கு கண்ணு?” என்றார் விசைத்தறி ஓட்டும் அப்பா. கூடத்தில் ஆட்டோ லூம் வரப்போவதாகப் பேச்சு. அதனால் அவருக்கு இது வெறும் கிரிக்கெட் இல்லை.

மகன் சொல்வது சரிதான். சாம்சனுக்கு 31 வயது. கீப்பிங், ஓப்பனிங் இரண்டுக்கும் ஆள் கிடைத்துவிட்டது. ஆனால் அப்பாவின் கேள்விக்கு ஆட்டத்துக்குள் பதில் இல்லை. தோனி 4 கோடிக்கு இருக்கிறார், மைதானம் மஞ்சளாக நிரம்புகிறது. ஜடேஜாவை ஆட்டத்தை வைத்து மட்டுமே எடை போட்டார்கள். 2023 ஃபைனலில் கடைசி 2 பந்தில் 10 ரன் வேண்டியிருந்தது. சிக்ஸர், அடுத்து ஃபோர் என்று அடித்துக் கோப்பை வாங்கித் தந்தவர் அவர். போகும்போது சம்பளமும் 18 கோடியிலிருந்து 14 கோடியாக இறங்கியது. இந்தக் குறைப்பைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.

2008-ல் அவர் ஐ.பி.எல்-லில் முதன்முதலாக ஆடியதும் ராஜஸ்தானுக்குத்தான். அந்த வருஷம் கப் அவர்களுக்கு.