வேற்றூர்க் கல், புதுச் செங்கல்

இங்கிலாந்தில் செல்டனாம் குதிரைப் பந்தயத் திடலை ஒட்டிய ஸ்டேஷனில் ஏறினால், நீராவி எஞ்சின் 14 மைல் இழுத்துப் போய் பிராட்வேயில் விடுகிறது. டிக்கெட் பார்ப்பவர், கொடி காட்டும் கார்டு, கரி அள்ளிப் போடுகிறவர் எல்லோரும் சம்பளம் வாங்காத தொண்டர்கள். கிரீட் குகைப்பாதை வருவதற்குள் எதிர் சீட்டுப் பாட்டி எழுந்து ஜன்னலைச் சாத்தினார். அறுநூறு மீட்டருக்கு மேல் இருட்டு. சாத்தாத பெட்டிகளில் இருமல் கேட்டது.

குகை தாண்டினால் விஞ்ச்கம். அங்கே நிற்கும் கல் கட்டடம் அந்த ஊருடையதே அல்ல. வேல்ஸில் மான்மத் ட்ராய் என்ற ஸ்டேஷனில் 1959-இல் பயணிகள் ரயில் நின்றுபோனது. அந்தக் கட்டடத்தைத்தான் 1980களில் கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே எழுப்பியிருக்கிறார்கள். பார்க்க அழகு. ஆனால் விருந்தாளியின் அடக்கம் அதில் இன்னும் போகவில்லை என்று எனக்குத் தோன்றியது.

பிராட்வேயின் கதை வேறு. 1904-இல் கிரேட் வெஸ்டர்ன் கம்பெனி கட்டிய ஸ்டேஷன் 1960-இல் மூடப்பட்டது. மூன்று வருஷத்தில் இடித்தும் விட்டார்கள். 1976-இல் ஒரு சரக்கு ரயில் தடம் புரண்டதைச் சாக்காக வைத்து, பாதையையே கைவிட்டுத் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்தார்கள். தொண்டர்கள் 1984-இல் இதே வழியில் உள்ள டாடிங்டனில் ஒரு மைல்கூட இல்லாத பாதையில் ரயில் ஓட்டத் தொடங்கினார்கள். பங்கு விற்றார்கள், நன்கொடை கேட்டார்கள். 2010-இலும் 2011-இலும் மண்மேடு சரிந்து பாதை அறுந்தபோது மறுபடியும் கையேந்தினார்கள். பிராட்வேக்கு ரயில் வந்து சேர்ந்தது 2018 மார்ச் 30, புனித வெள்ளியன்று.

ஊர் முழுக்கத் தேன் நிறக் கல் வீடுகள்; ஸ்டேஷன் மட்டும் சிவப்புச் செங்கல். பழைய ஸ்டேஷனும் அப்படித்தான் இருந்தது. தூணுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த பெரியவர் என்னைச் சுவரருகே கூட்டிப்போய், ஒரு செங்கல்லின் மேல் கட்டைவிரலை வைத்துக் காட்டினார். இன்றைக்குக் கடையில் கிடைக்கும் செங்கல் 65 மி.மீ. உயரம். பழையது மூன்று அங்குலத்தை நெருங்கும். எட்டு மி.மீ.தானே என்று விட்டுவிட்டால் பத்து வரிசை ஏறுவதற்குள் ஒரு செங்கல் உயரம் உதைக்கும். ஜன்னல் மட்டமும் வளைவும் பழைய வரைபடத்தோடு சேராது. அதனால் பழைய அளவிலேயே செங்கல் வாங்கியிருக்கிறார்கள். சொல்லும்போதே சாந்துக் கோட்டில் ஒரு துளி பெயிண்ட் சிந்தியிருப்பதைப் பார்த்துவிட்டு, பேச்சை நிறுத்தித் துணியால் துடைத்தார். நிறத்திலும் விட்டுக்கொடுப்பதில்லை. கிரேட் வெஸ்டர்ன் ஸ்டேஷன்களுக்கு உரிய வெளிர் மணல் நிறமும் அடர் பழுப்பும்தான்.

நம்மூரில் ரயில்வே நிலத்தில் இப்படித் தொண்டர்கள் யாராவது கரணையும் ரசமட்டமுமாக இறங்கினால் ஆர்.பி.எஃப். பிடித்துக்கொண்டு போய்விடும்.

விஞ்ச்கத்தில் கட்டடம் அசல், இடம்தான் வேறு. பிராட்வேயில் இடம் அசல், கட்டடம் நகல். பழமைப் பிரியர்கள் முதலாவதைத்தான் உயர்த்திப் பேசுவார்கள். என் ஓட்டு பிராட்வேக்கு. கடைத்தெருவிலிருந்து நடந்து வருகிறவருக்கு ரயில் எந்த இடத்தில் நிற்க வேண்டுமோ, அங்கேயே நிற்கிறது. ஸ்டேஷன் என்று ஒன்றைக் கட்டுவதே அதற்காகத்தானே.

பிளாட்பாரத்துக்கு வடக்கே தண்டவாளம் முடிந்துவிடுகிறது. பழைய பாதையின் தடம் மட்டும் ஹனிபோர்ன் பக்கம் போகிறது. அங்கே மெயின் லைன் இருக்கிறது. அதுவரை போட்டுவிடுவீர்களா என்று பெரியவரிடம் கேட்டேன். “முதலில் இந்தப் பெயிண்ட் வேலைக்கு ஆள் பிடித்துத் தாருங்கள்” என்று சொல்லிவிட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தார். எனக்குத் திரும்பும் ரயிலுக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. டப்பாவில் இன்னொரு பிரஷ்ஷும் இருந்தது.