வழி தவறிய கான்

உடலை வருத்தும் நோய்கள் பல. வாயை அடைக்கும் நோய்கள் சில. சிறுநீரை அடக்க இயலாமை இரண்டாம் வகையினது. காய்ச்சலென்றால் அயலவர்க்கும் அறிவிக்கும் எமது சமூகம், இந்நோயைத் தாயிடம் மகள் கூறுதற்கும் கூச வைத்துவிட்டது. மகப்பேற்றுத் தளர்ச்சி, முதுமை, நரம்புக் கோளாறு என இதற்குக் காரணங்கள் பலவுள. பிறவியிலேயே அமைந்து, வளர்ந்த பின்னரும் கண்டறியப்படாது தொடரும் காரணமொன்றும் உண்டு. சிறுநீர்க்கான் தனக்குரிய இடத்தில் திறவாமையே அது.

யாழ்ப்பாணத்துக் கிணற்றடியை அறிந்தோர்க்கு இதனை விளக்குதல் எளிது. இறைத்த நீர் தொட்டியில் தேங்கும். அடைப்பை எடுத்தாலன்றி வெளியேறாது. தொட்டியில் விழவேண்டிய நீரில் ஒரு பகுதி பீலி விலகி வெளியே விழுமாயின், அடைப்பு எத்துணை இறுக்கமாயினும் நிலம் ஈரமாகவே இருக்கும். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு நீரைக் கொண்டுசெல்லும் கான் 25 முதல் 30 சென்ரிமீற்றர் வரை நீளமுடையது. பையின் கீழுள்ள சுருக்குத்தசையே அடைப்பாகும். கருவின் நான்காம், ஐந்தாம் வாரங்களில் இக்கான் அரும்பும் இடம் சற்றே பிறழின், அதன் வாயும் பிறழ்ந்துவிடும். பெரும்பாலும் ஒரு சிறுநீரகத்திற்கு இரு கான்கள் அமைந்தவிடத்து, மேற்பாதிக்குரிய கானே இவ்வாறு வழி தவறுகின்றது. பெண்களில் அது சுருக்குத்தசைக்குக் கீழே, சிறுநீர் வழியிலோ யோனிப்புறத்திலோ திறத்தல் கூடும். ஆண்களில் அத்தசைக்கு மேலேயே திறப்பதால் அவர்க்குக் கிருமித்தொற்று முதலியன வருமேயன்றி, ஒழுக்கு வருவதில்லை. ஆகவே இவ்வொழுக்குப் பெண்களுக்கே உரிய துன்பமாகின்றது.

இதன் அடையாளம் தனித்துவமானது. மற்றவரைப் போலவே உரிய வேளைகளில் சிறுநீர் கழிப்பாள். ஆயினும் இரவும் பகலும் துளித்துளியாக ஈரம் கசிந்துகொண்டேயிருக்கும். இருமும்போது மட்டும் கசிவதன்று. பிள்ளைப்பேற்றின் பின் தொடங்கியதுமன்று. நினைவு தெரிந்த நாள் முதல் உள்ளது. இவ்வொரு வாக்கியத்தை நோயாளி வாய்திறந்து கூறுவாளாயின் பாதி நோய் அறியப்பட்டதாகும். கூறாளாயின், மேற்பாதிச் சிறுநீரகம் சிறுத்து வலுவிழந்திருக்கும்போது நாளத்தினூடு மருந்தேற்றி எடுக்கும் ஊடுகதிர்ப் படமும் அதனைக் காட்டாது விடலாம்.

ஐயம் எழுந்தவிடத்துச் சோதனை அரிதன்று. சிறுநீர்ப்பையை நீலச் சாயநீரால் நிரப்பிப் பஞ்சு வைத்துப் பார்ப்பர். பஞ்சு நீலமாயின் ஒழுக்குப் பையிலிருந்து வருவது. நிறமின்றி நனையின் கானிலிருந்து வருவது. ஸ்கான், காந்த அதிர்வுப் படம் ஆகியன மேலும் தெளிவு தரும். சத்திரசிகிச்சையால் கானைப் பையிலே பொருத்துதல், அருகிலுள்ள நற்கானோடு இணைத்தல், பயனற்ற மேற்பாதியை அகற்றுதல் என்பன வழிகளாம். பல்லாண்டு ஈரம் அதனோடு நீங்கிவிடும்.

இத்துணை எளிதில் தீரும் நோயைச் சிலர் மணவயது கடந்தும் சுமப்பதேன்? வெள்ளைச் சீருடையணிந்து பாடசாலை செல்லும் சிறுமி, அழுக்குப் பழக்கமெனக் கண்டிக்கப்படுகின்றாள். நாளடைவில் தன் உடலின் இயல்பே இதுவென எண்ணிவிடுகின்றாள். கோயிலுக்கும் கொண்டாட்டத்திற்கும் செல்லாதவளை ஒதுங்கிய குணத்தினள் என்பர். 1995 ஒக்ரோபரில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சியில் நெருங்கிக் கிடந்த நாள்களில், மாற்றுத் துணியும் மறைவும் இன்றி இத்தகையோர் என்ன செய்திருப்பர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மானிப்பாயிலே 1848 இல் மருத்துவப் பணியை ஆரம்பித்த சாமுவேல் கிறீன், நோயை நோயாளியின் மொழியிலே அறிதல் வேண்டும் என்பதை உணர்ந்தவர். தமிழிலே மருத்துவம் கற்பித்து, 1857 இல் பிரசவ வைத்தியத்தையும் 1872 இல் மனுஷ அங்காதிபாதத்தையும் தமிழில் தந்தார். பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென 1898 இல் இணுவிலில் வைத்தியசாலையொன்று எழுந்தது. 1978 முதல் யாழ்ப்பாணத்திலேயே மருத்துவ பீடம் இயங்குகின்றது. ஆகவே சொல்லுக்கும் குறைவில்லை, கேட்போர்க்கும் குறைவில்லை. சிறுநீர்க்கான் என்னும் தெளிவான சொல்லைப் பாடநூலில் மனனம் செய்யும் மாணவி, தன் துன்பத்தைக் கூற அச்சொல்லை எடுப்பதற்கு மட்டும் நாணுகின்றாள்.

நாணம் பெண்மைக்கு அணியென்று போற்றிய மரபினர் நாம். அணி உடலை அலங்கரிக்க வேண்டுமேயன்றி, அழுத்துதல் ஆகாது. மகளின் ஈரத் துணியைக் கண்டு கடிந்துகொள்ளும் தாய், ஒருமுறை கடிதலை விடுத்து, "எந்நேரமும் இப்படியா?" என்று வினவுவாளாயின், வழி தவறிய கானொன்று நேர்வழிப்பட அதுவே தொடக்கமாகும்.