ஆவூர் பக்கத்து மரங்களும் இலைக்குள் இருக்கும் கணக்கும்

ஆவூர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பெரியநாயகி மாதா ஆலயமும் வீரமாமுனிவரும்தான். திருச்சிக்குத் தெற்கே, விராலிமலைக்குப் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு வரக்கூடிய ஊர். ஆனால் கோயிலோடு திரும்பிவிடாமல், சாலையோர மரங்களையும் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

புதுக்கோட்டை மாவட்டம் வறண்ட பூமி. செம்மண், செம்புறாங்கல். இருந்தாலும் இங்கேதான் வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும் கோயில்காடுகள் இருக்கின்றன. மறமடக்கி போன்ற ஊர்க் காடுகளில் ஆய்வாளர்கள் மரங்களை எண்ணிக் கணக்கெடுத்திருக்கிறார்கள். வீரை, காசா, உலக்கைப்பாலை, உசிலை... உலக்கைப்பாலையின் வைரம் பாய்ந்த கட்டையைப் பற்றிப் பெயரே சொல்லிவிடும்!

ஒரே மண், ஒரே மழை. ஆனாலும் இலைக்கு இலை சத்து ஒன்றாக இருப்பதில்லை. உசிலை அவரைக் குடும்பத்து மரம். அந்தக் குடும்பத்து இலைகளில் பொதுவாகத் தழைச்சத்து கூடுதல். நாம் தலைக்குத் தேய்க்கும் அரப்புத்தூள் இந்த உசிலை இலைதான். வீரை, பாலை போன்றவற்றின் இலைகளோ தடித்தவை, நீண்ட நாள் மரத்திலேயே இருப்பவை. அவற்றில் தழைச்சத்து குறைவு, நார் அதிகம். காசா இன்னும் விசித்திரம். அதன் இனங்கள் சில, மண்ணிலுள்ள அலுமினியத்தை இலையில் சேர்த்து வைக்கும். சாயம் துணியில் பிடிக்க அந்த இலையைப் பயன்படுத்தியது சும்மா இல்லை.

ஒரே மரத்திலேயே வித்தியாசம் உண்டு. கொழுந்தில் தழை, மணி, சாம்பல் சத்துகள் நிறைந்திருக்கும். முற்ற முற்ற அவை குறைந்து, சுண்ணாம்புச் சத்து ஏறும். இலை பழுக்கும்போது மரம் தழைச்சத்திலும் மணிச்சத்திலும் ஏறக்குறைய பாதியைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டுதான் அதை உதிர்க்கிறது. சுண்ணாம்பு மட்டும் இலையோடு போய்விடும். சாம்பல்சத்தை மழையே கழுவிக் கொண்டுபோகும். அதனால்தான் ஆய்வுக்கு இலை பறிப்பவர்கள் வெயில்படும் கிளையில், முற்றிய இலையை, ஒரே பருவத்தில் பறிக்கிறார்கள். இல்லாவிட்டால் இரண்டு மரங்களை ஒப்பிடவே முடியாது.

இதெல்லாம் ஆய்வகத்துக்கு மட்டும்தானா? வயலில் தழை மிதிக்கிற விவசாயிக்கு இது காசு. புங்கந்தழையில் தழைச்சத்து 3 சதவீதத்துக்கு மேல். வேம்பில் 3-க்குச் சற்றுக் குறைவு. சாம்பல்சத்தில்தான் பெரிய வித்தியாசம்: புங்கில் 2 சதவீதத்துக்கு மேல், வேம்பில் அரை சதவீதம்கூட இல்லை. பச்சையாக வெட்டிப் போட்டால்தான் இந்தக் கணக்கு. மரத்தடியில் கூட்டிய சருகை நம்பினால், மரம் எடுத்துக்கொண்டது போக மிச்சம்தான் வயலுக்கு.

கோயில்காட்டில் அந்தச் சருகையும் தொடக் கூடாது என்பது பல ஊர்களில் கட்டுப்பாடு. சுள்ளிகூட ஒடிக்க மாட்டார்கள், சாமி குத்தம். செம்புறாங்கல் மேட்டில் அந்தச் சருகு மட்கித்தான் வீரையும் காசாவும் அடுத்த கொழுந்தை விடுகின்றன. வேலிக்கு வெளியே நிற்கும் ஆடுகள் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்.