மருந்துக்கு முன் ஒரு மஷ்வரா

சர்க்கரை நோயைப் பற்றி நாம் சாப்பாட்டு விரிப்பில் அமர்ந்தே பேசுகின்றோம். இரத்த அழுத்த மாத்திரையின் பெயரைப் பேரப்பிள்ளைகளும் அறிவார்கள். ஆனால் சிறுநீர் பிரிவதில் ஏற்படும் தொல்லையை மனைவியிடம் சொல்லக்கூட நம் பெரியவர்கள் நாணுகின்றார்கள். நாணம் ஈமானின் கிளைதான். எனினும் நோயை மறைப்பது அந்த நாணத்தில் சேராது.

ஏழாயிரம்பண்ணையில் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் நெடுங்காலம் கணக்கு எழுதியவர் என் பெரியத்தா. சென்ற ஆண்டு, 66ஆம் வயதில், அவருக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் இருப்பது மதுரையில் கண்டறியப்பட்டது. இரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவு 7.8. தசைத் துணுக்குச் சோதனையில் கிளீசன் மதிப்பெண் 6. நோய் சுரப்பியை விட்டு வெளியே பரவவில்லை.

செய்தி கேட்டதும் வீடு இரண்டுபட்டது. வெளிநாட்டிலிருக்கும் மகன், "உடனே அறுவை செய்யுங்கள்" என்றார். மருமகனோ கதிர்வீச்சே மேல் என்றார். பெரியத்தா, "அல்லாஹ் விட்ட வழி" என்று மௌனமானார். மருத்துவர்தாம் அனைவரையும் அமைதிப்படுத்தினார். "இது மெதுவாக வளரும் வகை. சில வாரங்கள் யோசிப்பதால் கேடில்லை. மூன்று வழிகள் உள்ளன, கலந்து பேசி வாருங்கள்" என்றார்.

முதலாவது, சுரப்பியை முழுமையாக அகற்றும் அறுவை சிகிச்சை. இரண்டாவது, கதிர்வீச்சு. வாரத்தில் ஐந்து நாட்கள் வீதம் பல வாரங்கள் செல்ல வேண்டும். எங்கள் ஊர்க்காரருக்கு அது மதுரையில் அறை எடுத்துத் தங்குவதாகவே முடியும். மூன்றாவது, உடனடிச் சிகிச்சையின்றி, பி.எஸ்.ஏ. பரிசோதனையும் தேவைப்படும்போது மறு துணுக்குச் சோதனையும் செய்து, நோய் முன்னேறினால் அப்போது சிகிச்சையில் இறங்குவது. இது சும்மா இருப்பதன்று. விழித்திருந்து காவல் காப்பது.

அன்றிரவு இஷாவுக்குப் பின் பெரியத்தா என்னைத் தனியே அழைத்துக் கேட்டது, உயிரைப் பற்றியன்று. "அறுவைக்குப் பிறகு சிறுநீர் கசியுமாமே! என் உளூ நிற்குமா? பள்ளிக்கு எப்படி வருவேன்?" என்றார். குரல் தழுதழுத்தது.

மதரஸாவில் ஆண்டுதோறும் நான் நடத்தும் பாடம் அது. தொடர் உதிரப்போக்குக்கு ஆளான பெண்மணிக்கு நபி (ஸல்) அவர்கள் வழங்கிய சலுகையிலிருந்து ஃபிக்ஹு அறிஞர்கள் எடுத்த சட்டம்: கசிவு ஓயாதவர் தொழுகை நேரம் வந்தபின் சுத்தம் செய்து, துணி வைத்துக்கட்டி, உளூ செய்து தொழலாம். ஹனஃபி மத்ஹபில் அந்த நேரம் முடியும்வரை கசிவினால் மட்டும் உளூ முறியாது. ஷாஃபியில் ஒவ்வொரு ஃபர்ளுக்கும் தனி உளூ வேண்டும். "ஆகவே, பெரியத்தா! தொழுகை போய்விடும் என்ற பயத்தை தராசிலிருந்து எடுத்துவிடுங்கள். மீதமுள்ளவற்றை நிறுத்துப் பாருங்கள்" என்றேன்.

மீதமுள்ளவற்றை நிறுக்க ஓர் ஆய்வு உதவியது. பிரிட்டனில் தொடக்க நிலை நோயுள்ள 1,643 ஆண்களை இம்மூன்று வழிகளிலும் பிரித்து, 15 ஆண்டுகள் கவனித்தார்கள். 2023இல் வெளியான முடிவின்படி, இந்நோயால் இறந்தவர்கள் மூன்று பிரிவிலும் ஏறத்தாழ நூற்றுக்கு மூவரே. ஆனால் கண்காணிப்பில் இருந்தவர்களிடையே நோய் பரவியது நூற்றுக்கு ஒன்பது பேருக்கு. மற்ற இரு பிரிவுகளிலும் ஐவருக்கு. பாதிக்கும் மேற்பட்டோர் பின்னர் சிகிச்சைக்கு மாறவும் நேர்ந்தது. மறுபுறம், ஆறு ஆண்டுகள் கழித்தும் கசிவுக்காகத் துணி வைக்க வேண்டியிருந்தவர்கள் அறுவைப் பிரிவில் நூற்றுக்குப் பதினேழு பேர், கண்காணிப்பில் எட்டுப் பேர், கதிர்வீச்சில் நால்வர். தாம்பத்தியத்திலும் அறுவையின் பாதிப்பே மிகுதி.

இந்த மஷ்வராவில் பெரியம்மாவையும் அமரச் செய்தோம். கணவரின் உடலைப் பற்றிய முடிவில் மனைவிக்கு இல்லாத பங்கு வேறு யாருக்கு? "இவர் சோதனைக்குத் தவறாமல் போவார் என்றால் காத்திருக்கலாம், தேதியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். இஸ்திகாரா தொழுத பின் பெரியத்தாவும் கண்காணிப்பையே தேர்ந்தார். பெரியம்மாவின் நாட்காட்டியில் தேதிகள் வட்டமிடப்பட்டுள்ளன.

வாசகர்களே, இம்முடிவு எல்லோருக்கும் பொருந்தாது. வேகமாக வளரும் வகையாயின் காத்திருப்பது ஆபத்து. முதுகுவலியைப் பட்டாசு ஆலையில் குனிந்து வேலை செய்ததால் வந்தது என்று தைலம் தேய்த்திருந்து, எலும்பில் பரவிய பின் வருவோரும் உண்டு. அவர்களுக்கும் வழி அடைபடவில்லை. ஆண் சுரப்புநீரைத் தடுத்தால் இந்நோய் அடங்கும் என்று 1941இல் காட்டிய சார்லஸ் ஹக்கின்ஸ், 1966இல் நோபல் பரிசு பெற்றார். அதற்கு விலையுயர்ந்த தொடர் ஊசிகளும் உண்டு. ஒரே தடவையில் முடியும் சிறு அறுவையும் உண்டு. வசதியற்றவர் எதைத் தேர்ந்தாலும் அதில் இழிவில்லை. அரசு மருத்துவமனையையும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தையும் கேட்டறியுங்கள்.

நெல்சன் மண்டேலாவுக்கு 2001இல் இந்நோய் கண்டபோது உலகறியச் சொல்லி, கதிர்வீச்சு பெற்று, 95 வயது வரை வாழ்ந்தார். நம் வீட்டுப் பெரியவர்களும் இரவில் பலமுறை எழுகின்றார்களா, சிறுநீர் தடைப்படுகின்றதா என்று பிள்ளைகளே மரியாதையுடன் கேளுங்கள். மருத்துவம் நாடுவது தவக்குலுக்கு எதிரானதன்று. நோயைத் தந்த ரப்பே நிவாரணத்தையும் இறக்கியுள்ளான். நோயுற்றோர் அனைவருக்கும் அவன் ஷிஃபா அருள்வானாக! ஆமீன்.