மாஹுலியின் இரண்டு பருவங்கள்

முலுண்ட் மேற்கில், தேசியப் பூங்காவின் குன்றுகளை நோக்கிய ஓர் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில், சங்க இலக்கியத்தின் பாலைத்திணை குறித்து அவள் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தாள். நான்காம் இயல் எட்டு மாதங்களாக நகரவில்லை. பாலைக்கெனத் தனி நிலம் இல்லை; முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். ஆகவே பாலை பெரிதும் புலவர் மனத்தில் அமைந்த நிலமே என்று அவள் எழுதியிருந்தாள். நெறியாளர் அவ்வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி மட்டும் இட்டிருந்தார்: “திரிந்த நிலத்தைப் பார்த்ததுண்டா?”

அக்கேள்வியை எடுத்துக்கொண்டு மே மாதத்தில் தோழியர் இருவருடன் மாஹுலிக்குச் சென்றாள். தாணேயில் வண்டி மாறி ஆசன்காவ். அங்கிருந்து ஆட்டோவில் மலையடிவாரம். 1636இல் முகலாய, பீஜப்பூர்ப் படைகளிடம் ஷாஹாஜி பணிந்த கோட்டை அது. தேக்கு மரங்கள் இலையுதிர்த்து நின்றன. கரும்பாறை செருப்பையும் மீறிச் சுட்டது. வற்றிய ஓடையின் மணலில் குழி தோண்டி, ஊறும் நீரைப் பெண்கள் கிண்ணத்தால் முகந்து குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தனர். ஷஹாபூர் வட்டம் இது. 1892 முதல் மும்பைக்கு நீர் தரும் தான்சா ஏரியும், பின்னர் வந்த பாத்சா அணையும் இவ்வட்டத்தில்தான் உள்ளன. இங்கிருந்து செல்லும் பெருங்குழாய்கள் முலுண்டைக் கடந்தே நகருக்குள் நுழைகின்றன. கோடையில் இவ்வட்டத்துச் சிற்றூர்கள் பல, தண்ணீர் லாரியை எதிர்பார்த்துக் காத்திருக்கின்றன. அன்று அவள் குறிப்பேட்டில் வெப்பநிலையையும் மரங்களின் பெயர்களையும் எழுதினாள். குழியைப் பற்றி எழுதவில்லை.

ஜூலையில் அதே மலையைக் குறிஞ்சியாகக் காண விரும்பினாள். மழை வலுத்ததால் தோழியர் வரவில்லை. நூலகத்துக்குப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டுத் தனியே புறப்பட்டாள்.

உச்சி சுமார் 850 மீட்டர் உயரம். அளவில் பெரிதன்று, ஆனால் சஹ்யாத்ரியின் கடுமை உயரத்தில் இல்லை. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி இறுகிய நிலம் இது. ஒவ்வோர் அடுக்கின் விளிம்பும் செங்குத்துச் சுவராகவும் மேற்பரப்பு குறுகிய திட்டாகவும் தேய்ந்திருக்கும். இப்பாறைகளைக் குறிக்கும் ‘ட்ராப்’ என்னும் புவியியற் சொல்லே படிக்கட்டைக் குறிக்கும் ஸ்வீடிய மொழிச் சொல்லிலிருந்து வந்தது. மழைக்காலத்தில் அப்படிகளின்மீது பாசி படர்கிறது.

பாதி வழியில் மூடுபனி இறங்கியது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. பாதை என்று நம்பித் திரும்பிய இடம் நீர் வழியும் ஒரு பாறை இடுக்கு. இரண்டு அடுக்குகளைக் கையூன்றி ஏறினாள். மூன்றாவதில் கால் வழுக்கியது. பற்றிய புல் மண்ணோடு பெயர்ந்து வந்தது. முழங்கால் பாறையில் மோதி, கீழிருந்த திட்டில் உடல் தங்கியது. கைப்பேசியில் தொடர்பு இல்லை. தான் எங்கே இருக்கிறோம் என்பது உலகில் ஒருவருக்கும் தெரியாது என்ற எண்ணம் அப்போதுதான் முதன்முறையாக வந்தது.

மகட்போக்கிய தாயின் இரங்கல் என்று அவள் பட்டியலிட்டு வைத்திருந்த பாடல்கள் பல. மகள் நடந்துபோன சுரத்தைத் தாய் கண்டதில்லை. வீட்டில் இருந்தபடியே அதன் ஒவ்வொரு கல்லையும் எண்ணி அஞ்சுகிறாள். அவளது அட்டவணையில் அவை ‘கூற்று: தாய்’ என்ற ஒரு நிரல் மட்டுமே.

உச்சி இன்னும் எவ்வளவு தொலைவு என்று தெரியவில்லை. ஏறிய அடுக்குகளில் இறங்குவது ஏறுவதைவிடக் கடினம் என்பது மட்டும் தெரிந்தது. பாறையை நோக்கி முகம் திருப்பி, ஒவ்வொரு பிடியையும் இருமுறை சோதித்து இறங்கினாள். மழை பெய்துகொண்டிருக்கையில் மேலே போவதா என்று ஒருமுறைகூட எண்ணவில்லை.

அடிவாரத்தில் காலையில் கணுக்கால் அளவே ஓடிய ஓடை செந்நிறமாகப் பெருகியிருந்தது. மே மாதத்தில் பெண்கள் குழி தோண்டிய அதே ஓடை. அதில் கால் வைக்கப் போனபோது, எதிர்க்கரையில் பிளாஸ்டிக் தாளைத் தலையில் போர்த்திய ஒரு முதியவள் கையை உயர்த்தித் தடுத்தாள். உட்காரச் சொல்லிச் சைகை செய்தாள். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக இருவரும் ஆளுக்கொரு கரையில் உட்கார்ந்திருந்தனர். மழை குறைந்து நீர் முழங்காலுக்கு இறங்கிய பின், முதியவள் நீட்டிய மூங்கில் கழியைப் பற்றி அவள் கரையேறினாள்.

“ஆயிக்குத் தெரியுமா, நீ இங்கே வந்தது?” என்று மராத்தியில் கேட்டாள் முதியவள். பதில் வராததைக் கண்டு, மேற்கொண்டு கேட்கவில்லை. இந்தத் தண்ணீர் எல்லாம் எங்கே போகிறது என்று அவள் பேச்சை மாற்றினாள். முதியவள் தென்மேற்கே, மும்பை இருக்கும் பக்கம் கைகாட்டினாள்.

ஆசன்காவ் நிலையத்தில் தொடர்பு கிடைத்ததும் பதினோரு தவறிய அழைப்புகள். “நூலகம் எப்போதோ மூடியிருக்குமே, எங்கடி இருக்கே?” என்றாள் அம்மா. அவள் உண்மையைச் சொன்னாள். மறுமுனை நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “முலுண்ட் ஸ்டேஷன்ல நிக்கிறேன், வா” என்று மட்டும் வந்தது.

அடுத்த வாரம் நான்காம் இயலிலிருந்து ‘புலவர் மனத்தில் அமைந்த நிலம்’ என்னும் தொடர் நீக்கப்பட்டது. பாலையின் உரிப்பொருள் பிரிதல் என்பது எல்லோரும் அறிந்த இலக்கணம். நீர் பிரிந்துபோன நிலமும் மகள் பிரிந்துபோன வீடும் அவ்விலக்கணத்துக்குள் எவ்வாறு ஒன்றாக நிற்கின்றன என்ற வினாவோடு அவ்வியல் இப்போது தொடங்குகிறது. தாய் கூற்றுப் பாடல்கள் அட்டவணையிலிருந்து வெளியே வந்து, இருபது பக்கங்களைப் பெற்றுள்ளன. நெறியாளரின் பென்சில் கேள்விக்குக் கீழே அவள் ‘மே’ என்று மட்டும் எழுதியிருக்கிறாள்.