மாசத்துக்கு 16 மணி நேரம்

கதை எழுதறவங்க கணக்குல வீக்குன்னு ஊருக்குள்ள ஒரு நம்பிக்கை இருக்கு. நமக்குச் சோறு போடறதே கணக்குதான். கூட்டுறவு சங்கத்துல பேரேடு எழுதற உத்தியோகம். அதனால போன வாரம் உட்கார்ந்து என் எழுத்துக்கு ஒரு வரவு செலவு போட்டுப் பார்த்தேன். (ஐந்தொகை வரைக்கும் போகலை, பயப்படாதீங்க.)

முதல்ல வரவு. காலைல 4.45க்கு எந்திரிச்சா 6 மணி வரைக்கும் வீடு என்னைத் தேடாது. வாரத்துல 5 நாள். காகிதத்துல பார்த்தா ஆறேகால் மணி நேரம். தண்ணி வர்ற நாள், மாவு பொங்கி வழிஞ்ச நாள், மாமியாருக்குத் தூக்கம் வராம பேச்சுத்துணைக்குக் கூப்பிடற நாள் எல்லாம் கழிச்சா 4 மணி நேரம் தேறும். ஆக மாசத்துக்கு 16.

இப்ப செலவு. மாசத்துல ரெண்டாவது ஞாயித்துக்கிழமை எங்க கதை வட்டம் கூடும். எட்டு பேர். காந்திபுரத்துல ஒரு டியூஷன் சென்டர் மாடி. 10 மணிக்குன்னு சொல்லி பத்தரைக்கு ஆரம்பிச்சு, மதியம் ரெண்டு மணிக்கு மனசில்லாம எந்திரிப்போம். சூலூர்ல இருந்து போக வர பஸ் நேரத்தையும் சேர்த்தா 6 மணி நேரம். மத்தவங்க கதைகளை முன்கூட்டியே படிச்சுக் குறிப்பெடுக்க 3 மணி நேரம். வாட்ஸப் குழு தினமும் 20 நிமிஷம்னு வச்சாலும் 10 மணி நேரம். கூட்டினா 19.

எழுத 16, எழுத்தைப் பத்திப் பேச 19. இந்த நிலைமையில எங்க சங்கம் இருந்தா தணிக்கைக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழட்டிட்டு என்னைப் பார்ப்பார்.

இந்தக் கணக்கை எதுக்கு இப்பப் போட்டேன்னா, வட்டத்துல ரெண்டு தீர்மானம் வந்திருக்கு. ஒண்ணு, இனிமே மாசாமாசம் இல்லை, வாராவாரம் கூடறது. ரெண்டு, ஒரு பதிப்பாளர்கிட்டப் பேசி ஆளுக்கொரு சிறுகதைத் தொகுப்பு போடறது. ஆளுக்கு 35,000 ரூபாய். நூறு பிரதி நம்ம கைக்கு வரும். வெள்ளிக்கிழமைக்குள்ள ரெண்டுக்கும் பதில் சொல்லணும்.

வட்டத்தை நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன். தனியா எழுதிட்டிருந்த காலத்துல, நான் எழுதினதை முழுசாப் படிச்ச ஒரே ஆள் என் பொண்ணு. அவ 'நல்லாருக்கும்மா'ன்னு சொல்லிட்டு சாதம் போடச் சொல்லுவா. வட்டத்துல ஒரு பெரியவர் இருக்கார், போஸ்ட்மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். வயசு 74. என்னோட ரேஷன் கடைக் கதையைப் படிச்சுட்டு ஒரே வரிதான் சொன்னார்: "அம்மிணி, கதை ரெண்டாவது பக்கத்துலதானுங்க ஆரம்பிக்குது." முதல் பக்கத்தை எடுத்தேன். அந்தக் கதை ஒரு பத்திரிகையில வந்துச்சு. அந்த ஒரு வரியை 4.45 மணி எனக்குக் குடுத்திருக்காது.

ஆனா வட்டத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. எழுதப் போற கதையை அங்க சொல்லும்போது எட்டு முகமும் மலரும் பாருங்க, அது எழுதி முடிச்ச சந்தோஷத்துக்குக் கொஞ்சமும் குறைஞ்சதில்லை. கூலியை முன்பணமாவே வாங்கின மாதிரி. அப்புறம் வேலைக்கு யாரு போவா? சோமனூர் பக்கத்து விசைத்தறிக் குடும்பம் ஒண்ணை வச்சு ஒரு நாவல் எழுதிட்டிருக்கேன். 62 பக்கம் ஆகியிருக்கு. தறிச் சத்தத்துலயே வளர்ந்த குழந்தை, கரண்ட் போய் சத்தம் நின்னதும் திடுக்குனு முழிச்சு அழும். அந்தக் குழந்தையைப் பத்தி நான் யார்கிட்டயும் வாயைத் திறக்கலை. எழுதினதுக்கு அப்புறம்தான் இங்க சொல்றேன்.

நம்ம முன்னோடிகள் எப்படிச் சமாளிச்சாங்கன்னு பார்த்தா, ஆளுக்கொரு வழி. சுந்தர ராமசாமி நாகர்கோவில்ல ஜவுளிக்கடையையும் பார்த்துக்கிட்டு, 'காகங்கள்'னு ஒரு இலக்கியச் சந்திப்பும் நடத்தினார். அவரோட மூணு நாவல்கள் வந்த வருஷங்களைப் பாருங்க: 1966, 1981, 1998. கூட்டமும் இருந்தது, கடையும் இருந்தது, அவசரம் மட்டும் இல்லை. நாஞ்சில் நாடன் பம்பாய்ல கம்பெனி வேலையில இருந்துக்கிட்டே 1977இல 'தலைகீழ் விகிதங்கள்' கொண்டு வந்தார். மௌனி மொத்தமா எழுதினதே சுமார் 24 கதைதான். இன்னிக்கும் பேசறோம்.

எனக்கு ரொம்ப நெருக்கமா இருக்கறது சல்மா கதை. துவரங்குறிச்சியில வீட்டுக்குள்ளயே முடங்கின வாழ்க்கை. எழுதறது வீட்டுக்காரங்களுக்குப் பிடிக்காததால, ராத்திரியில குளியலறைக்குள்ள நின்னு எழுதினதா அவங்களே பேட்டிகள்ல சொல்லியிருக்காங்க. அந்தத் தாள்களை அவங்க அம்மாதான் மறைச்சு வெளியே எடுத்துட்டு வந்தாங்க. 2000இல 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' கவிதைத் தொகுப்பு, 2004இல 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவல். வட்டமும் இல்லை, நேரமும் இல்லை. தாளை வெளியே கொண்டு போக நம்பிக்கையான ஒரு கை மட்டும் இருந்தது. அதுக்காக எல்லாரும் அப்படிக் கஷ்டப்படணும்னு நான் சொல்ல வரலைங்க. ஒரு எழுத்துக்கு அடிப்படையா என்ன வேணும்னு அதுல தெரியுது. எழுத ஒரு மூலை. எடுத்துட்டுப் போக ஒரு ஆள். மத்ததெல்லாம் வசதி.

கூட்டம்னு சொன்னாலே எழுதறவங்க கூட்டம்தான் நமக்கு ஞாபகம் வருது. 1970இல சென்னையில ஆரம்பிச்ச இலக்கியச் சிந்தனை அமைப்பு வேற மாதிரி. பத்திரிகைகள்ல வந்த கதைகளைப் படிச்சு, மாசத்துக்கு ஒரு நல்ல கதையைத் தேர்ந்தெடுத்தாங்க. அச்சுல வந்ததை உட்கார்ந்து படிக்கிற கூட்டம். எங்க எட்டு பேருல, மத்த ஏழு பேரோட அச்சான கதையைத் தானாத் தேடிப் படிக்கிறவங்க எத்தனை பேர்னு எண்ணிப் பார்த்தா, ஒரு கை விரல்ல பாதி மிச்சமிருக்கும். வாராவாரம் கூடறதை விட, மாசம் ஒரு தடவை கூடி, பாதி நேரம் வெளியில வந்த ஒரு நல்ல கதையைப் பிரிச்சுப் படிக்கலாமேன்னு சொல்லப் போறேன்.

அடுத்தது புத்தகம். என்கிட்ட 11 கதை இருக்கு. 7 அச்சுல வந்தது. அட்டையில என் பேரைப் பார்க்க எனக்கு ஆசை இல்லைன்னு சொன்னா கோனியம்மன் கோயில்ல கற்பூரம் அணைக்கச் சொல்லுவீங்க. ஜூலையில கொடிசியா புத்தகத் திருவிழாவுக்குப் போகும்போதெல்லாம், அந்த மேசையில என் புத்தகத்துக்கு எவ்வளவு இடம் வேணும்னு கண்ணாலயே அளந்திருக்கேன். ஒரு சாண் போதும்.

ஆனா அந்த நூறு பிரதி எங்க போகும்? கல்யாண வீட்டுக்குப் போகும்போது அன்பளிப்பாப் போகும். மிச்சம் கட்டிலுக்கு அடியில போகும். தெரிஞ்ச வீடு ஒண்ணுல அப்படி நாலு பெட்டி பார்த்திருக்கேன். பெருக்கும்போதெல்லாம் அந்தம்மா அதை இழுத்துப் போட்டு, துடைச்சு, திரும்பத் தள்ளி வைப்பாங்க. 35,000ங்கறது என் சீட்டுப் பணம். ஜூன்ல பொண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும். காசு கேக்காத பதிப்பாளருக்கு அனுப்பி, பதில் வர ஒரு வருஷம் ஆனாலும் காத்திருக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன். காத்திருக்கும்போது 63ஆவது பக்கம் எழுதலாம். அதுக்கு யார் அனுமதியும் வேண்டாம்.

இதையெல்லாம் போஸ்ட்மாஸ்டர் ஐயாகிட்ட ஃபோன்ல சொன்னேன். அவரும் பணம் கட்டப் போறார். அவரைத் தடுக்கணும்னுதான் பேச்சை ஆரம்பிச்சேன். பொறுமையாக் கேட்டுட்டு, "அம்மிணி, உங்க கணக்கு உங்களுக்குச் சரிங்க. எனக்கு வருஷக் கணக்கு வேறைங்க. நாப்பது வருஷமா நோட்டுல எழுதி வச்சிருக்கேன். பசங்க பழைய பேப்பர் கடைக்குப் போட்டாலும் அட்டை போட்ட புஸ்தகமாப் போகட்டும்னு பார்க்கறேன்"னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். எனக்குத்தான் பதில் வரலை. எனக்கு 44, அவருக்கு 74. ஒரே 35,000 ரூபாய், ரெண்டு பேருக்கும் ஒரே தொகை இல்லை. அவர் புத்தகத்துக்குப் பிழை திருத்தித் தர்றேன்னு சொல்லியிருக்கேன். ரெண்டு மாசத்து 4.45 அதுக்குப் போகும். அதை நான் செலவுப் பக்கத்துல எழுதலை.

ஆக வெள்ளிக்கிழமை பதில் இதுதான்: வாராவாரம் என்னால வர முடியாது, மாசத்துக்கு ஒரு தடவை கண்டிப்பா வருவேன். சொல்றதுக்குக் கதை இருந்தா வாயைத் திறக்க மாட்டேன், எழுதின கதை இருந்தா எட்டு பிரதி எடுத்துட்டு வருவேன். வாட்ஸப் குழுவை ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மட்டும் பார்ப்பேன். புத்தகம் இப்போதைக்கு இல்லை. கோவிச்சுக்குவாங்களான்னு தெரியலை. ரெண்டு பேர் கோவிச்சுக்குவாங்க.

உங்க கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பாருங்க. போட்டுட்டு எனக்குச் சொல்லுங்க. 19ஐ விட அதிகமா யாராவது வச்சிருந்தா கொஞ்சம் ஆறுதலா இருக்கும் :-)

பி.கு: இதை எழுதினது 4.45 கணக்குல இல்லைங்க. ஆபீஸ்ல மதியச் சாப்பாட்டு நேரம். மூணு நாளா தயிர் சாதம்.